பழைய தபால் கார்டு: மதிப்பறிந்து விற்கும் வழி

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் ஓடு மாற்றவோ பாகம் பிரிக்கவோ ஆள் ஏறும்போது, மச்சிலிருந்து இறங்கும் டிரங்குப்பெட்டியில் பத்திரங்களுக்கும் வரிச்சீட்டுகளுக்கும் அடியில் நூல் சுற்றிய தபால் கார்டுக் கட்டு ஒன்று கிடக்கும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு கார்டுகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுவதே வழக்கம். அப்படிப் போடுமுன் ஒரு மாலை உட்கார்ந்து அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கட்டுகளில் தமிழகத்தின் வேறு பகுதிகளில் எளிதில் கிடைக்காத ஒரு வகைக் கார்டு இருக்க வாய்ப்புண்டு.

1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் மண். அந்தச் சமஸ்தானத்துக்கு ‘அஞ்சல்’ என்ற பெயரிலேயே சொந்தத் தபால் இலாகா இருந்தது. 1888இல் சங்குச் சின்னத்தோடு தபால்தலை வெளியிட்ட அந்த இலாகா, 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. சங்கு அச்சிட்டு, காசு அல்லது சக்கரக் கணக்கில் விலை குறித்த அந்த இலாகாவின் ‘அஞ்சல் கார்டு’ கையில் கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு வீட்டுப் பெரியவர்களில் சிலருக்கு இன்னும் நினைவிருக்கலாம். அந்தக் கார்டில் சிற்றூர் அஞ்சலாபீஸ் ஒன்றின் முத்திரை, ஊர்ப்பெயரும் தேதியும் வாசிக்கும்படி விழுந்திருந்தால், எழுதாத புதுக்கார்டைவிட அதையே சேகரிப்பவர்கள் விரும்புவார்கள்.

பள்ளி நாட்களில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடந்த ஏழெட்டு அஞ்சல் கார்டுகளிலிருந்து சங்குச் சின்னத்தை மட்டும் சதுரமாகக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, மீதி அட்டையை அடுப்பில் போட்டேன். முத்திரையில் பாதி, ஊர்ப்பெயர், முகவரி, தேதி எல்லாம் அதோடு போயின. இன்று அந்தச் சதுரங்களைப் பார்க்கும் எவரும் முழுக் கார்டு எங்கே என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே கத்தரிக்கக் கூடாது, தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையை உரிக்கக் கூடாது, கறையை அழிப்பானால் தேய்க்கக் கூடாது, கிழிசலுக்கு டேப் ஒட்டவும் கூடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த ஊரில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் செய்யும் கேடே போதும்.

படக் கார்டுகளின் காலத்தைக் கணிக்க முதலில் படத்தையே பார்க்கலாம். கன்னியாகுமரிக் கடற்கரைப் படத்தில் காந்தி மண்டபம் இல்லையென்றால் அது 1956க்கு முந்தையது. கடல் பாறையில் விவேகானந்தர் மண்டபம் இல்லையென்றால் 1970க்கு முந்தையது. வள்ளுவர் சிலை நின்றால் 2000க்குப் பிந்தையது. படம் எடுத்து நெடுநாள் கழித்தும் கார்டு அச்சாகியிருக்கலாம் என்பதால் பின்பக்கத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, செய்தியைப் படத்தின் ஓரத்தில் எழுத வைத்த கார்டு பெரும்பாலும் 1900களின் தொடக்கத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரித்த பின்பக்கம் 1902இல் இங்கிலாந்தில் தொடங்கிப் பிற நாடுகளுக்குப் பரவியது. சாதாரணத் தபால் கார்டில் ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியின் பின்கோடு (PIN) எண்ணுக்கு ஆறு கட்டம் இருந்தால் 1972க்குப் பிந்தையது.

அடுத்து பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். படம் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரிந்தால் அது அச்சு. புள்ளியின்றி வழவழவென்று தெரிந்தால் புகைப்படத் தாளிலேயே எடுத்த கார்டு. இத்தகையவை குறைந்த எண்ணிக்கையில் உருவானவை என்பதால் பெரும்பாலும் விலை கூடும், அதிலும் இடத்தின் பெயர் எழுதிய தேவாலயத் திறப்பு, சந்தை, தெரு போன்ற உள்ளூர்க் காட்சிகளுக்கு. புற ஊதா டார்ச்சின் கீழ் அட்டை பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், வெளுப்பூட்டி சேர்த்த பிற்காலத் தாள் என்று சந்தேகிக்கலாம். 1970க்குப் பிறகு கடைகளில் விற்ற வண்ணப் படத் தொகுப்புகள் ஏராளமாக இருப்பதால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

விலையைத் தெரிந்துகொள்ள, இபே (eBay) என்ற இணைய விற்பனைத் தளத்தில் கேட்கப்படும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றை மட்டும் தேர்ந்து பாருங்கள். கேட்பவர் எதையும் கேட்கலாம். கொடுத்தவர் கொடுத்த தொகையே விலை. அஞ்சல் கார்டுகளுக்குத் திருவனந்தபுரம், கொச்சிப் பக்கச் சேகரிப்பாளர்களையும் விசாரிப்பது நல்லது. அந்த வரலாறு அவர்களுக்கும் சொந்தம். சென்னையின் தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கத்தின் கூட்டங்களிலும், தபால்தலைக் கண்காட்சிகளிலும் இரண்டு மூன்று பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகே விலை பேசுங்கள். வியாபாரி பல ஆண்டு காத்திருந்து விற்பவர் என்பதால் சந்தை விலையில் ஒரு பங்கைத்தான் தருவார். அது ஏமாற்று அல்ல. ஆனால் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபவருக்குக் கொடுக்காதீர்கள். அரிய கார்டு என்று உறுதியானால் ஏல நிறுவனத்துக்கு அனுப்பலாம். கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்துக்குத் தொடர்ந்து வந்த கட்டு, உதாரணமாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகன் எழுதியவை, பிரிக்காமல் ஒன்றாகப் போவதே என் கருத்தில் சரி; பிரித்தால் தேதியும் கதையும் அறுந்துவிடும்.

வெளிநாட்டவர் வாங்க முன்வந்தால் கவனம் வேண்டும். 1972ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, பழம்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வரலாற்று மதிப்புள்ள நூறாண்டுப் பொருள்களும் எழுபத்தைந்தாண்டு ஆவணங்களும் அந்த வரையறைக்குள் வரலாம். ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று பெற்ற பிறகே அனுப்புங்கள். உள்நாட்டுக்குள் அனுப்பும்போது பி.வி.சி. பிளாஸ்டிக் அல்லாத தெளிந்த உறையில் இட்டு, இருபுறமும் கெட்டியான அட்டை வைத்து, இரு பக்கமும் ஸ்கேன் செய்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பீட்டோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.