பூச்சியைப் படம் பிடிக்க வெயிலுக்கு முன்னே எழுந்திருங்கள்

தோட்டத்துப் பூச்சிகளைப் போனில் எடுத்தால் பாதி மங்கல், மீதி வெறும் இலை என்கிறீர்களா? முதலில் நேரத்தை மாற்றுங்கள். பூச்சிக்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் வெயில் ஏறும்வரை தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். இறக்கையில் பனித்துளி ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான்.

கிட்டே போகும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. விழுந்தால் பறந்துவிடும்.

போனை இடிக்கிற மாதிரி கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளிவைத்து 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். திரையில் பூச்சியின் கண்ணை விரலால் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் போனை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தியபடி பத்துப் பதினைந்து படம் தட்டுங்கள். ஒன்றாவது தேறும். கண் தெளிவாக விழுந்துவிட்டால் கால், இறக்கை மங்கினாலும் பரவாயில்லை.

மேலே நின்றபடி எடுக்காதீர்கள். அதன் கண் மட்டத்துக்குக் குனியுங்கள். முழங்கால் மண்ணாகும், சரி.

வீட்டுச் சுவரில் அந்துப்பூச்சி, வண்டு என்றால் ஃப்ளாஷ் வேண்டாம். வழவழப்பான முதுகில் வெள்ளைப் பொட்டு விழும். டார்ச்சின் முன்னால் டிஷ்யூ பேப்பரை மடித்துப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டுங்கள். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.