அரிய நிற ஃப்ளோரைட்டைப் பார்த்து வாங்குவது எப்படி?

ஊதாவும் பச்சையும்தான் ஃப்ளோரைட் என்ற கனிமக் கல்லில் தாராளமாகக் கிடைக்கும் நிறங்கள். இளஞ்சிவப்பு, விளக்குக்கு விளக்கு நிறம் மாறும் நீலம், வெயில் பட்டால் நீலமாகிவிடும் பச்சை ஆகியவை அரியவை. பட்டை தீட்டிய கல் ஒன்று கைக்கு வந்தால், நிறத்தில் மயங்குவதற்கு முன்னால் அது ஃப்ளோரைட்தானா என்று பாருங்கள்.

முதலில் எடை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும். கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், 6.36 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கவும் கூடாது. தராசு 2.00 காட்டினால், 6.36-ஐ 2-ஆல் வகுங்கள்: 3.18. அதுதான் ஃப்ளோரைட்டின் அடர்த்தி. ஊதா நிறத்தில் இதைப்போலவே தெரியும் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) என்றால் 2.65 வரும். சின்னக் கல்லில் கொஞ்சம் முன்னே பின்னே வரும், இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கீறிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் வெறும் 4. கண்ணாடியே இதைக் கீறிவிடும்.

அடுத்தது ஒளி. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வெள்ளைத் தாளில் கல்லை வைத்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு அதே தாளோடு பழைய இழை பல்புக்கு அடியில் கொண்டுபோங்கள். நிறம் மாறும் வகையென்றால், சற்று முன் நீலமாக இருந்த கல் ஊதாவாகிவிடும். எல்இடி விளக்கை நம்ப வேண்டாம். அதன் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு இருக்கும் என்பது விளக்குக்கு விளக்கு வேறுபடும்.

மூன்றாவதாக, இருட்டறையில் நீண்ட அலை புற ஊதா விளக்கு. பல ஃப்ளோரைட்கள் நீலமாக ஒளிரும். 1852-இல் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இப்படி ஒளிர்வதற்கு ‘ஃப்ளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்ததே இந்தக் கனிமத்தைக் கொண்டுதான். இங்கிலாந்தின் வியர்டேல் பகுதியிலுள்ள ரோஜர்லி சுரங்கத்துப் பச்சைக் கல்லுக்கு விளக்குகூட வேண்டாம். வெயிலில் இருக்கும் புற ஊதாவே அதை நீலமாக்கப் போதும். நிழலில் பச்சை, வெயிலில் நீலம். கையை நீட்டி மடக்கினாலே தெரியும். ஆனால் நிமிடக்கணக்கில் வெயிலில் வைக்காதீர்கள், சில ஃப்ளோரைட்கள் வெளுத்துவிடும். ஒளிராவிட்டால் போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒளிராத அசலும் உண்டு.

இளஞ்சிவப்பில் பேர்போனது ஆல்ப்ஸ் மலைப் பாறை இடுக்குகளில், குறிப்பாக மோன் பிளாங் பக்கம் கிடைப்பது. எட்டு முகம் கொண்ட அந்தப் படிகங்களைப் பட்டை தீட்டாமல் அப்படியே வைத்திருப்பதுதான் அழகு என்பது என் கருத்து. இங்கிலாந்திலேயே டார்பிஷயரில் கிடைக்கும் ‘புளூ ஜான்’ வேறு ரகம்: ஊதாநீலமும் வெளிர்மஞ்சளும் வரிவரியாக ஓடும்.

சரி, கல் தேறிவிட்டது. இனி பத்துமடங்கு லென்ஸில் ஓரங்களைப் பாருங்கள். ஃப்ளோரைட் நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும். உள்ளே தட்டையாக, கண்ணாடித் தகடு போல மின்னும் விரிசல் இருந்தால், பதிக்கும்போதே உடையலாம், வாங்காதீர்கள். நகையாக வேண்டுமென்றால் தோடோ டாலரோ செய்யுங்கள், மோதிரம் வேண்டாம். கழுவ, அறையின் சூட்டிலேயே உள்ள சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். நீராவியும் அல்ட்ராசானிக் கருவியும் இதற்கு ஆகவே ஆகாது.