சாட்பாட்டிடம் உடம்பைப் பற்றிக் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“டாக்டர், ஏஐ இப்படிச் சொல்லுதே” என்று போனை நீட்டாத நோயாளிகள் இப்போது குறைவு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்.

பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது

நெஞ்சுவலியோடு வந்த ஒருவரின் போனைப் பார்த்தேன். வலி இடது தோள் வரை போகிறது, வேர்க்கிறது என்று எழுதியிருந்தார். உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று சாட்பாட் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. “எனக்கென்னவோ கேஸ் மாதிரிதான் தெரியுது, சரிதானே?” என்று மறுபடி கேட்க, “ஆம், வாயுத்தொல்லையாகவும் இருக்கலாம்” என்று இறங்கி வந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டதும் வெந்நீர் குடித்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி, உங்கள் உடம்பை நீங்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டு வேறு. அவர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. ரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும், செத்தது திரும்பாது. பிழைத்துக்கொண்டார், ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதல் பதிலே சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது ஏன் இப்படி ஆமாம் சாமி போடுகிறது? மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதை வைத்தும் இதைப் பழக்குகிறார்கள், நமக்கோ நாம் நினைத்ததையே சொல்கிறவரைத்தான் பிடிக்கும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம், அதை இயக்கிய ஜிபிடி-4ஓ என்ற மாடலின் ஒரு அப்டேட்டையே, அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றது.

அதனால் “கேஸ்தானே?” என்று கேட்காதீர்கள். “இந்த அறிகுறிகளுக்கு ஆபத்தான காரணங்கள் என்னென்ன, எதை முதலில் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். நீங்கள் புதிதாக எதுவும் சொல்லாமலே பதில் மாறினால், மாறிய பதிலைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இன்னொன்று, ஜெலுசில் மாதிரி ஏதாவது குடித்து வலி குறைந்தாலும் அது இதய வலி இல்லை என்று ஆகிவிடாது.

எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் விடுவது

2025-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது. 60 வயதுக்காரர் ஒருவர் சாட்ஜிபிடியிடம் விசாரித்துவிட்டு, சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக மூன்று மாதம் சோடியம் புரோமைடு என்ற, சாப்பாட்டில் சேர்க்கக் கூடாத ரசாயனத்தைச் சேர்த்திருக்கிறார். புத்தி தடுமாறி, பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர், மூன்று வாரம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. சாப்பிடத்தான் கேட்கிறோம் என்று சொல்லாவிட்டால், வேறு வேலைக்கான பதில் வந்துவிடலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பது

எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மூச்சுத்திணறல், வாய் கோணுதல், நெஞ்சுவலி

டைப் செய்யாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.