பைக்கில் செட் பூட்டுவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்

கொட்டகலையில் டிவி, ரேடியோ திருத்துவது என் தொழில். டிஷ் பூட்டுவதற்குத் தோட்டம் தோட்டமாகப் பைக்கில்தான் போகிறேன். பதினோரு வருடமாக அந்தப் பைக்கில் ஒரு பாட்டு செட் ஓடுகிறது. காலையில் லிந்துலைப் பக்கம் பனிமூட்டத்துக்குள் ஏறும்போது ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தால் பாதிக் குளிர் போய்விடும். அதனால் "செட் பூட்டித் தாங்க அண்ணே" என்று வரும் பையன்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் தாங்களே பூட்டிவிட்டுப் பழுதாகிக் கொண்டுவரும் வண்டிகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முக்கால்வாசி வண்டியில் செட் வயருக்குப் பியூஸே இருக்காது.

முதலில் கரண்ட் கணக்கு. கிக்கர் மட்டும் உள்ள சின்ன வண்டியில் 2.5 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரி எவ்வளவு கரண்டைத் தேக்கும் என்ற அளவு) பேட்டரி இருக்கும். செல்ஃப் உள்ளதில் 5 வரை, 150 சிசி வண்டி சிலவற்றில் 9 வரை. கொழும்பில் சமதரையில் ஓடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நம் ரோட்டில் பனிமூட்டம் என்றால் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரில் மெதுவாகத்தான் போக முடியும். இறக்கத்தில் எஞ்சின் கிட்டத்தட்ட ஐட்லிங்கில் கிடக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சார்ஜும் குறைவு. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் நீங்கள் செட்டையும் போடப் போகிறீர்கள்.

ஆகவே ஒரு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம் ஐட்லிங்கில் விட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதே 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், பேட்டரியையும் சார்ஜிங்கையும் சரி செய்யாமல் செட் பற்றி யோசிக்காதீர்கள்.

ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்பிளிஃபையர்) வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 500 வாட்டை நம்ப வேண்டாம். பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 5 ஆம்பியர் என்றால் 12ஐ 5ஆல் பெருக்குங்கள்: 60 வாட். அதற்கு ரொம்ப மேல் அந்தப் பெட்டி பேட்டரியிலிருந்து தொடர்ந்து இழுக்க முடியாது. ஒரு பைக்குக்கு அது தாராளம். கிளாஸ் டி ஆம்பாக எடுத்தால் கரண்ட் சூடாக வீணாவது குறைவு. ஸ்பீக்கரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கடதாசிக் கோன் உள்ள ஸ்பீக்கர் ஒரு ஜூன், ஜூலை மழையோடு ஊறி, உப்பி, கரகரக்கத் தொடங்கிவிடும். நானே இரண்டு சோடி அப்படி இழந்தேன். படகுக்கு விற்கும் பிளாஸ்டிக் கோன் வகை நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது.

இனி வயரிங். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஹோல்டர் போடுங்கள். ஆம்பில் பியூஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவில் வயர் உரசினால் அதை யார் காப்பாற்றுவது? தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏறும்போது எனக்கு அதுதான் நடந்தது. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் வயர் உரசி, தோல் போய், வண்டியின் இரும்புச் சட்டமான சாசியில் பட்டுவிட்டது. டேங்க் அடியிலிருந்து புகை. பெட்ரோலுக்கும் அந்தப் புகைக்கும் நடுவில் ஒரு தகடுதான். மழைக்குள் சீட்டைக் கழற்றி, கையால் வயரைப் பிடுங்கினேன். விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து பியூஸ் இல்லாமல் ஒரு வண்டியும் என் மேசையிலிருந்து இறங்கியதில்லை.

பியூஸுக்கு அப்புறம் ஒரு நான்கு முனை ரிலே; சாவியின் சின்னக் கரண்டால் ஆம்பின் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் அது. முனைகளில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர் 30க்கு, 87இலிருந்து ஆம்பின் சிவப்புக்கு, 85 எர்த்துக்கு, 86க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர். அந்த வயரைப் பிரேக் லைட் சுவிட்சுக்கு வரும் பக்கத்திலோ ஹோர்னுக்கு வரும் பக்கத்திலோ தேடுங்கள். ஹெட்லைட் வயரில் மட்டும் எடுக்காதீர்கள். பழைய சின்ன வண்டிகளில் அது பேட்டரிக்கு வராமல் நேரே எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் ஏசி. ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். மீட்டரை டிசியில் வைத்து, எஞ்சின் நிற்கும்போது சாவியை மட்டும் போட்டு 12 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

தனி ஆம்புக்குப் பதிலாகக் கார் செட் பூட்டுகிறவர்களுக்கு ரிலே தேவைப்படாது. அதில் மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு சாவிக் கரண்ட், கறுப்பு எர்த். பையன்கள் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாவியை எடுத்தாலும் செட் தூங்காது.

எர்த்தைச் சாசி போல்ட்டில் வைக்காமல் நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கரில் ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் 'கூய்ங்' சத்தத்தில் பாதி இதிலேயே நின்றுவிடும். மீதிப் பாதி பிளக் வயருக்குப் பக்கத்தில் ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் வயர் போவதால் வரும்; மறுபக்கமாக இழுங்கள். போனைப் பைக்கிலேயே சார்ஜில் போட்டு, அதே போனில் ஆக்ஸ் வயரும் செருகினாலும் இரைச்சல் வரும். புளூடூத்துக்கு மாறினால் போய்விடும்.

ஸ்பீக்கரின் இரண்டு வயரும் ஆம்புக்குத்தான் போக வேண்டும். "மைனஸ்தானே" என்று சாசியில் வைத்தால் இந்தக் கால ஆம்ப் அந்த நிமிடமே செத்துப்போகலாம். எது பிளஸ் என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் டோர்ச் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு தொடு தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரி பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரித் தள்ளாவிட்டால் பேஸ் (தாழ்ந்த கனமான சத்தம்) காணாமல் போகும்.

ஈயம் வைத்த மூட்டு நம் குழி ரோட்டு அதிர்ச்சியில் விளிம்பில் முறியும். நான் கிரிம்ப் லக் (வயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) அடித்து, வாஸ்லின் கொஞ்சம் தடவி, மேலே சுடுகாற்றில் சுருங்கும் டியூப் போடுகிறேன். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழையில் பசை வழிந்துவிடும். ஆம்புக்குள் போகும் முன் வயரைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் வயரோடு வழிந்து உள்ளே போகாமல் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். ஹேண்டில் கழுத்தில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வயர் எந்தப் பக்கமும் இழுபடக் கூடாது, நசியவும் கூடாது.

சத்தத்தின் அளவை ரோட்டில்தான் வைக்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹோர்ன் அடித்தால் ஹெல்மெட்டுக்குள் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறையுங்கள், எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும்.

எல்லாம் முடிந்த இரவு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வோல்ட்டை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். காலையில் திரும்ப அளந்து பாருங்கள். 12.6 இருந்த இடத்தில் 12.3 காட்டினால் ஏதோ ஒரு வயர் இரவு முழுக்கக் குடித்திருக்கிறது. ரிலேயின் 86லிருந்து தேடத் தொடங்குங்கள்.