கருப்பனின் வயிற்றில் வந்த பருக்கள்

ஐப்பசி மழை விட்ட வாரம், மல்லாந்து படுத்திருந்த என் நாய் கருப்பனின் வயிற்றைத் தடவியபோது கையில் ஏதோ நெருடியது. உண்ணி என்று நினைத்து முடியை விலக்கினேன். கடுகளவு சிவந்த பருக்கள். சிலவற்றின் நுனியில் மஞ்சள் சீழ். உடைந்த பருக்கள் இருந்த இடம் காசு போல வட்டமாக, ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துப் படர்தாமரை என்று முடிவு கட்டி வேப்பெண்ணெய் தடவினேன். நான்கே நாளில் தொடை வரை பரவிவிட்டது. பாவம், இரவெல்லாம் நக்கிக்கொண்டே இருந்தான்.

கால்நடை மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை. சீழைத் தொட்டெடுத்த ஸ்லைடில் பாக்டீரியா கொத்துக் கொத்தாக இருந்தது. நாயின் தோலில் வழக்கமாகவே இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ்தான்; ஈரமும் அரிப்பும் தோலைக் கெடுத்தால் மயிர்க்கால்களுக்குள் பெருகிவிடும் என்றார்.

எடைக்கேற்ற அளவில் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, நாளுக்கு 2 வேளை. வாரம் 2 முறை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு. நுரையை 10 நிமிடம் ஊறவிட்டால்தான் மருந்து வேலை செய்யும். கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினால் அசையாமல் நிற்பான். அப்புறம் விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பேன்.

10 நாளில் பருக்கள் வற்றின. ஆனாலும் மருத்துவர் சொன்ன 3 வாரமும் மாத்திரையை நிறுத்தவில்லை. அரிப்புக்கு மூலமான தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுத்தோம்.

ஒற்றைக் கட்டியாக இருந்து வளர்ந்தால் இந்த வைத்தியம் பொருந்தாது. ஊசியால் செல் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.