தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு ரேம் தேர்வு

குறைந்த செலவில் கணினி அமைப்பவர்கள், ரைசன் 5 5600ஜி போல கிராபிக்ஸ் வசதி உள்ளடங்கிய பிராசஸரைத் தேர்ந்தெடுத்தால், 16 ஜிபி ரேம் ஒன்றை வாங்குவதைவிட 8 ஜிபி ரேம்கள் இரண்டை வாங்குவதே நல்லது. அந்த கிராபிக்ஸ் தனக்கெனத் தனி நினைவகம் இல்லாமல் இந்த ரேமையே பயன்படுத்துவதால், இரண்டு ரேம்கள் வழியே தரவு இரு தடங்களில் செல்லும்போது விளையாட்டுகளின் வேகம் கண்கூடாகக் கூடும். ரேம் செருக நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் அவற்றைச் செருக வேண்டும் என்றாலும், மதர்போர்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும், தயாரிப்பாளர் பெயர்கூடத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மட்டும் ஏற்காதீர்கள். அது பழுதானால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, நல்ல நிறுவனத்தின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இத்தகைய கணினிக்குத் தாராளமாகப் போதும்.