ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதியாச்சு, இனி என்ன? திருகோணமலைப் பிள்ளைகளுக்கான படிமுறை

கடைசி விடைத்தாளைக் கொடுத்த பின்னேரமே டச்பே கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். சேரட்டும். ஒரு கிழமை கடலில் குளித்து, நல்லாகத் தூங்கி எழும்புங்கள். பெறுபேறு வர மாதக்கணக்காகும், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி வர அதற்குப் பிறகும் மாதங்கள் போகும். அந்த நாட்களில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று இங்கே ஒழுங்காகத் தருகிறேன்.

படி 1: பத்திரங்களை மேசையில் பரப்புங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல். (சாதாரண தர) சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், பரீட்சைச் சான்றிதழில் பெயர் ஆங்கில எழுத்தில் வரும். தர்சினி என்ற பெயர் ஓரிடத்தில் வெறும் 'டி'யில் தொடங்கும், இன்னோரிடத்தில் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' நிற்கும். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் முதலெழுத்தாக. இப்போது சின்ன விசயமாகத் தெரியும். பதிவு நாளன்று கவுண்டரில் நிற்கும்போதுதான் அது பெரிதாகும்.

எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போகவேண்டும். நகரப் பிள்ளைகளுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்; மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தவர்களுக்கு அந்தந்தச் செயலகம். இந்தத் திருத்தம் இழுபடும், ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள்.

பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் நற்சான்றிதழையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அதிபருக்கு இடமாற்றம் வந்துவிட்டால், உங்களை அறியாத ஒருவர்தான் உங்களைப் பற்றி எழுதுவார்.

படி 2: பெறுபேற்றை வாசிக்கப் பழகுங்கள்

மூன்று பாடத்திலும் சித்தியா என்று முதலில் பாருங்கள். அடுத்தது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் 70 எடுப்பதும் இன்னொன்றில் 70 எடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே என்று கணித்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுத்ததுதான் அது.

பிறகு மாவட்ட நிலை. பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் இடங்களின் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும். அந்தக் கடைசிப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே கொழும்பில் படித்த மச்சாளின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை. புள்ளியில் சந்தேகம் என்றால் மீள்பரிசீலனைக்கு உடனே விண்ணப்பியுங்கள், திகதி கடக்க விடவேண்டாம்.

படி 3: விருப்ப ஒழுங்கு

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், பிள்ளைகள் அதிகம் குழம்புவதும் இங்கேதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறியும் அது நடக்கும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறியீடாக இருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அந்தக் குறியீடுகளைத்தான் உங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்தப் போகிறீர்கள்.

போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, 'இது கிடைக்காது' என்று விரும்பியதைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதல் இடத்தைத்தான் தருவார்கள். எட்டாத ஒன்றை முதலில் போட்டதால் இரண்டாவது பறிபோகாது. ஆனால் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கீழே இருப்பவற்றை யாரும் பார்க்கமாட்டார்கள். சித்த மருத்துவம்தான் ஆசை என்றால் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை மேலே போடுங்கள். அயலவர்களுக்காக வேறொன்றை அதற்கு மேலே போட்டால், அதுவே கையில் வந்து சேரும்.

வீட்டிலிருந்தே போய்வரலாம், போர்டிங் காசு மிச்சம் என்று வளாகத்தை முதலில் எழுதுபவர்களும் உண்டு. குடும்ப நிலைமை அப்படியென்றால் சரி. அம்மாவின் சோறு மட்டும்தான் காரணம் என்றால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்பேன்.

சில கற்கைநெறிகளுக்கு, அந்தத் துறைக்கு நீங்கள் பொருத்தமா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை இருக்கும். அதற்கான அறிவித்தல் வரும்போது தனியாக விண்ணப்பிக்காவிட்டால், விருப்பப் பட்டியலில் எழுதியும் பயனில்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கு வீட்டு வருமான விபரம் தேவைப்படும், கிராம சேவகரை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

படி 4: வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்காமல் இன்னொரு வழி

தொழினுட்பக் கல்லூரி, உயர் தொழினுட்பவியல் நிறுவனம், திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் என்று ஊருக்குள்ளேயே வழிகள் உண்டு. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் மட்டம் 4 ஒரு தொழிலாளியின் தேர்ச்சியைக் காட்டும், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை, துறைமுகம் எல்லாம் இருக்கும் ஊரில் மின்னியலும் ஒட்டுவேலையும் படித்த பிள்ளையைக் குறைவாகப் பேசுவது நம்மவர்களின் வீண் பெருமை. ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி, அரச வேலைகளுக்கான அழைப்புகளைத் தவறவிடாமல் வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தனியார் நிறுவனத்துக்குக் காசு கட்டுவதற்கு முன், பட்டம் என்றால் அரச அங்கீகாரம், தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அரச நிறுவனத்தில் முழுநேரக் கற்கைக்குப் பதிவதானால், பிறகு பல்கலைக்கழகம் கிடைத்தால் எப்படி விலகுவது என்ற விதியை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

படி 5: சுற்றுலா சீசன்

மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஹோட்டல்களுக்கு ஆள் வேண்டும். வரவேற்பு மேசையில் சில மாதம் நின்றால் ஆங்கிலமும் சிங்களமும் வாயில் வந்துவிடும், கையில் கொஞ்சம் காசும் சேரும்.

படி 6: போன் நம்பர்

விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரையும் மின்னஞ்சலையும் மாற்றாதீர்கள். டேட்டா மலிவு என்று சிம்மை மாற்றுபவர்களுக்குத்தான் சொல்கிறேன். தெரிவாகிவிட்டால், குறித்த திகதிக்குள் பதிவை உறுதிப்படுத்த வேண்டும். அந்த அறிவித்தல் பழைய சிம்முக்குப் போய்க் கிடக்கக்கூடாது.